தொப்புளைச் சுற்றி 14 ஊசி

நம் குன்னூரில் சிம்ஸ் பார்க் அருகே இருக்கும் அந்த நிறுவனத்தை ஊர்க்காரர்கள் 'பாஸ்டர் இன்ஸ்டியூட்' என்றுதான் சொல்வார்கள். யாரோ ஒரு சர்ச் பாஸ்டர் கட்டிக்கொடுத்தது என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பத்திரிகைகளில் 'பாஸ்டியர்' என்று போடுகிறார்கள். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த என் வாயில் அது 'பாஸ்தேர்' என்றுதான் வரும். நாற்பது வருடம் நீலகிரியில் குமாஸ்தா வேலை பார்த்தும் அது மாறவில்லை.

எங்கள் பள்ளிப் பாடப் புத்தகத்தில் லூயி பாஸ்தேரின் கதை கட்டாயம் உண்டு. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ம் தேதி அல்சாஸ் பகுதியிலிருந்து ஜோசப் மைஸ்டேர் என்ற ஒன்பது வயதுப் பையனை அவன் தாயார் பாரிசுக்கு அழைத்து வருகிறார். வெறிநாய் உடம்பெல்லாம் கடித்திருக்கிறது. பாஸ்தேர் டாக்டர் இல்லை, ரசாயன அறிஞர். அதனால் அவர் தயாரித்த மருந்தை வேறு மருத்துவர்தான் ஊசியில் ஏற்றினார். பத்து நாளில் 13 ஊசி. பையன் பிழைத்தான். பெரியவனானபின் அந்த நிறுவனத்திலேயே வாசல் காவலராக வேலை பார்த்தான். பிரெஞ்சில் நாய்வெறி நோய்க்கு 'ராஜ்' என்று பெயர். கோபவெறிக்கும் அதே சொல்தான். நம் தமிழிலும் 'வெறி' இரண்டுக்கும் பொருந்துகிறது. ஐயாயிரம் மைல் தள்ளி இருக்கிற இரண்டு பாஷைக்காரர்களும் அந்த நாயைப் பார்த்து ஒரே மாதிரிதான் பயந்திருக்கிறார்கள்.

அந்த மருந்து நம் மலைக்கு எப்படி வந்தது, வந்த மருந்து எப்படி இரண்டு முகம் காட்டியது, அந்த இரண்டு முகத்துக்கும் காரணம் நம் ரத்தத்தில் ஓடும் ஒரே வகை அணுதான் என்பது எப்படித் தெரியவந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் மருத்துவ விஷயம் வரும். நான் படித்தது ஆபீஸ் கோப்புகளைத்தான் என்பதால் எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

முதலில் குன்னூர். 1900-ல் இந்தியாவின் முதல் பாஸ்தேர் நிறுவனம் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் தொடங்கப்பட்டது. சென்னை ராஜதானியில் ஒருவரை வெறிநாய் கடித்தால் அத்தனை தூரம் ரயிலில் போகவேண்டும். துரைமார்களுக்கே அது கஷ்டம், நம் ஆட்கள் எங்கே போவது? பச்சிலை, மந்திரிப்பு, சூட்டுக்கோல் என்று அவரவர் விதிப்படி. 1902-ல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் இந்த நோயில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் தெற்கே ஒரு நிறுவனம் வேண்டும் என்ற பேச்சு சூடுபிடித்தது. நம்மவர்கள் எத்தனையோ பேர் செத்திருப்பார்கள், ஒரு வெள்ளைக்காரப் பெண் செத்ததும் கோப்பு நகர்ந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. உண்மைதான். ஆனால் நகர்ந்த கோப்பின் பலன் எல்லோருக்கும் கிடைத்தது என்பதும் உண்மை.

பணம் கொடுத்தது ஒரு அமெரிக்கர். ஹென்றி ஃபிப்ஸ், கார்னகியின் இரும்புத் தொழில் கூட்டாளி. வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் பெரிய தொகை ஒன்றை, இந்தியாவுக்குப் பயன்படும்படி செலவழியுங்கள் என்று கொடுத்தார். அதில் பெரும்பகுதி பீகாரில் பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது. ஒரு பகுதி குன்னூருக்கு வந்தது. 1907 ஏப்ரல் 6-ம் தேதி 'தென்னிந்திய பாஸ்தேர் நிறுவனம்' திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899-லேயே வந்துவிட்டதால் கடிபட்டவர்கள் கீழிருந்து ஏறி வர வழி இருந்தது. ஊட்டிக்கு ரயில் போனது அதற்கடுத்த வருடம்தான்.

இனி மருந்து. கசௌலியில் இருந்த டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் 1911-ல் ஒரு முறையை உருவாக்கினார். வெறிநோய்க் கிருமியை விலங்கின் மூளையில் வளர்த்து, அந்த மூளையை அரைத்துக் கரைத்து, கார்பாலிக் அமிலம் சேர்த்துக் கிருமியைக் கொன்று ஊசியாகப் போடுவது. தொடக்கத்தில் முயலின் மூளை, பிறகு ஆட்டின் மூளை. செய்ய எளிது, செலவு குறைவு, ஊர் ஊராக அனுப்பலாம். அதனால் இந்தியா முழுவதும், பல வெளிநாடுகளிலும், செம்பிள் தடுப்பூசி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆண்டது.

நம் தலைமுறைக்கு அது 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி'. பிள்ளைகளை நாயிடமிருந்து விலக்கி வைக்க இந்த ஒரு வாக்கியம் போதும். காயத்தைப் பொறுத்து ஏழு, பத்து, பதினான்கு என்று தினமும் ஒன்று, வயிற்றுத் தோலுக்கடியில். மருந்தின் அளவும் அதிகம். வயிறு வீங்கி அரிப்பெடுக்கும். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ ஊசிக்குப் பயந்து வீட்டுக்கு ஓடிவந்தவர்கள் உண்டு. அப்படி ஓடியவர்களில் சிலர் இரண்டு மாதம் கழித்துத் தண்ணீரைக் கண்டால் தொண்டை அடைத்து இறந்ததையும் நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். நோய் வெளியே தெரிந்துவிட்டால் அன்றைக்கும் இன்றைக்கும் சாவுதான்.

ஊசியை முழுக்கப் போட்டுக்கொண்டும் கஷ்டப்பட்டவர்கள் இருந்தார்கள். அதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. என் பெரியப்பா மகன் ஒருவர். 1960-களில் அவருக்கு 19 வயது. தெரு நாய் கெண்டைக்காலில் கடித்தது. ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு காலும் மரத்துப்போய் சிறுநீரும் நின்றுவிட்டது. ஏழெட்டு மாதம் கழித்துத் தடி ஊன்றி நடந்தார், கடைசிவரை அந்தத் தடி கூடவே இருந்தது. வீட்டில் எல்லோரும் 'நாய் விஷம் காலில் இறங்கிவிட்டது, ஊசி போட்டதால் உயிராவது தங்கியது' என்றார்கள். கடித்த நாயோ அடுத்த தை மாதம் வரை எங்கள் தெருவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கடித்தபின் பத்து நாள் நாய் நன்றாக இருந்தால் அதற்கு நோயில்லை என்று அர்த்தம், ஊசியை நிறுத்திவிடலாம். இது அன்றே தெரிந்த விஷயம்தான். எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

இது நாய் விஷம் இல்லை, ஊசியின் விளைவு என்பது பல வருடங்கள் கழித்துப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் விஞ்ஞானிகளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். போல் ரெம்லென்ஜே என்ற பிரெஞ்சு மருத்துவர், அப்போது கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தவர், 1905-லேயே பாஸ்தேர் சிகிச்சைக்குப் பின் வரும் முடக்குவாதங்களைத் தொகுத்துக் கட்டுரை எழுதிவிட்டார். நம் குன்னூர் நிறுவனம் திறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு! சில இடங்களில் சில நூறு பேரில் ஒருவருக்கு, சில இடங்களில் பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்று கணக்கு இடத்துக்கு இடம் மாறியது. காரணம் என்ன என்பதில்தான் குழப்பம். மருந்திலுள்ள கிருமி சரியாகச் சாகவில்லை என்றார்கள் சிலர். கார்பாலிக் அமிலத்தின் மீது பழி போட்டார்கள் சிலர்.

1933-ல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் என்பவர் குரங்குகளுக்குக் கிருமியே இல்லாத, நோயற்ற விலங்கின் மூளைச் சாற்றைத் திரும்பத் திரும்ப ஊசி போட்டுப் பார்த்தார். குரங்குகள் சிலவற்றுக்குக் கால் முடங்கியது. ஆகக் குற்றவாளி கிருமியும் இல்லை, அமிலமும் இல்லை, மூளையேதான். அடுத்தவரின் மூளையை உடம்பில் ஏற்றினால் உடம்பு அதை எதிர்க்கிறது, எதிர்க்கப் பழகிய வேகத்தில் தன் சொந்த மூளையையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது.

உடம்பில் எது தாக்குகிறது? இதற்கு விடை தெரிய இன்னும் ஐம்பது வருடம் ஆனது. அந்த விடையின் ஒரு நுனி நம் குன்னூரிலேயே கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

1918-ல் அதே பாஸ்தேர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ஐரிஷ்காரர் பெரிபெரி நோய் பற்றி ஆராய ஆரம்பித்தார். நம் மக்கள் தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்று கால் வீங்கிச் சாவது ஏன் என்பது கேள்வி. புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் கொடுத்துப் பார்த்தார். செத்த புறாக்களை அறுத்து ஒவ்வொரு உறுப்பாக நிறுத்து எழுதினார். உணவு குறையும்போது எல்லா உறுப்பும் ஒரே மாதிரி இளைப்பதில்லை. எல்லாவற்றையும் விட அதிகமாகச் சுருங்கிப்போவது தைமஸ் என்று கண்டார். 1921-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இது இருக்கிறது. தைமஸ் என்பது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய சுரப்பி. குழந்தைகளுக்குப் பெரிதாக இருக்கும், வயது ஏற ஏறக் கரைந்து கொழுப்பாகிவிடும். எதற்கு இருக்கிறது என்று அப்போது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வீட்டு விருந்துகளில் கன்றுக்குட்டியின் தைமஸைப் பாலில் ஊறவைத்து வெண்ணெயில் பொரிப்பார்கள், 'ரீ த வோ' என்று பெயர். சாப்பிட்டவர்களுக்கும் தெரியாது, சமைத்தவருக்கும் தெரியாது.

(மெக்காரிசனின் ஆராய்ச்சியை 1920-களின் தொடக்கத்தில் அரசாங்கம் சிக்கனம் என்று சொல்லி நிறுத்தியது, பிறகு திரும்பத் தொடங்கியது. சிக்கனச் சுற்றறிக்கை எந்தக் காலத்திலும் சரியான இடத்தில் வெட்டியதாக என் சர்வீசில் பார்க்கவில்லை. அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து 1958-ல் ஹைதராபாத் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.)

தைமஸின் வேலையைக் கண்டுபிடித்தவர் ஜாக் மில்லர். பிரான்சில் நீஸ் நகரத்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1961-ல் லண்டனில், பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். குட்டிகள் கொஞ்ச நாள் நன்றாக இருந்தன, பிறகு சாதாரண நோய்த்தொற்றுகளில் மடிந்தன. ரத்தத்தில் ஒரு வகை வெள்ளை அணு இல்லாமல் போயிருந்தது. தைமஸில் பயிற்சி பெற்று வெளியே வருவதால் அவற்றுக்கு டி செல் என்று பெயர் வந்தது, தைமஸின் முதல் ஆங்கில எழுத்து. 1968-ல் மெல்பர்னில் மில்லரும் மிச்செல் என்ற அவருடைய மாணவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியைத் தயாரிப்பது வேறு அணு. ஆனால் டி செல் பக்கத்தில் நின்று உதவினால்தான் அது சரியாகத் தயாரிக்கிறது. இப்படி உதவுகிறவற்றுக்குப் பிற்பாடு 'உதவி டி செல்' என்று பெயர் நிலைத்தது.

இதை எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். உடம்புக்குள் வைரஸ் வந்தால் முதலில் ஒரு காவல் அணு அதை விழுங்கித் துண்டு துண்டாக்கி, ஒரு துண்டைத் தன் மேலே ஒட்டிக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போகிறது. இது மனுவோடு தாலுகா ஆபீசுக்கு வருகிற கிராம உதவியாளர் மாதிரி. உதவி டி செல் முழு வைரஸைப் பார்ப்பதே இல்லை, அந்தத் துண்டை மட்டும்தான் பார்க்கிறது. ஆயிரக்கணக்கான உதவி செல்கள் 'இது என் சீட்டு இல்லை' என்று விலகிப்போகும். பொருந்துகிற ஒன்று நின்று படிக்கும். படித்ததும் பெருகும். ஆன்டிபாடி தயாரிக்கும் பிரிவுக்குச் 'செய்க' என்று சுருக்கொப்பம் போடும். கிருமி புகுந்த செல்களைக் கொல்லும் இன்னொரு பிரிவுக்கும் அதே மாதிரி. ஒப்பம் வராவிட்டால் அந்தப் பிரிவுகள் அரைகுறையாக ஏதோ செய்யும், கொஞ்ச நாளில் மறந்தும்விடும். ஆபீசில் ஹெட் கிளார்க் லீவில் போன வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வேலை முடிந்தபின் உதவி செல்களில் பெரும்பாலானவை மறைந்து, கொஞ்சம் மட்டும் நினைவோடு தங்கும். பத்து வருடம் கழித்து அதே கிருமி வந்தால் பழைய கோப்பு எண்ணை மனப்பாடமாகச் சொல்கிற கிழட்டுக் குமாஸ்தா மாதிரி உடனே எடுத்துக் கொடுக்கும்.

இப்போது செம்பிள் ஊசிக்கு வாருங்கள். அதில் செத்த வைரஸ் கொஞ்சம், ஆட்டு மூளை ஏராளம். உதவி டி செல் வைரஸ் துண்டைப் பார்த்து ஒப்பம் போட்டதால்தான் நோய்க்கு எதிரான ஆன்டிபாடி உண்டாகி லட்சக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். அதே உதவி செல்களில் வேறு சில, ஆட்டு மூளையின் நரம்புறையில் இருக்கும் புரதத் துண்டைப் பார்த்தன. நம் நரம்புறைப் புரதமும் ஏறக்குறைய அதேதான். சொந்த உடம்பைத் தாக்கக்கூடிய டி செல்களைத் தைமஸ் பொறுக்கி எடுத்து அழித்துவிடும் என்றாலும், ஒன்றிரண்டு தப்பி வெளியே வந்து சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். 14 நாள் தொடர்ந்து கதவைத் தட்டினால் அது எழுந்துவிடுகிறது. 1960-ல் நோயுற்ற விலங்கின் நிணநீர் அணுக்களை எடுத்து நோயற்ற விலங்குக்கு ஏற்றினால் முடக்கமும் கூடவே போகிறது என்று காட்டினார்கள். 1981-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் இந்தப் புரதத்தை மட்டும் எதிர்க்கும் டி செல்களைத் தனியே வளர்த்து எலிகளுக்கு ஏற்றி முடக்கத்தை உண்டாக்கினார்கள். அவை உதவி வகை செல்கள் என்பதும் தெளிவானது. 1987-ல் தாய்லாந்தில் செம்பிள் ஊசிக்குப் பின் முடங்கிய நோயாளிகளைச் சோதித்தபோது, அவர்கள் உடம்பு எதிர்த்தது அதே நரம்புறைப் புரதத்தைத்தான் என்று தெரிந்தது.

என் அண்ணனின் காலைக் காற்றாக்கியதும் கடிபட்ட எத்தனையோ பேரைப் பிழைக்கவைத்ததும் ஒரே கைதான். கோபிப்பதா கும்பிடுவதா என்று தெரியவில்லை.

கோபிக்கவேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. மூளையே கலக்காத தடுப்பூசி 1970-களிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் விஸ்டார் நிறுவனத்தில் மனித செல்களில் வைரஸை வளர்த்தார்கள். பிரான்சில் லியோன் நகரத்து மெரியே நிறுவனம் பெரிய அளவில் தயாரித்தது. ஈரானில் வெறிபிடித்த நாய்களும் ஓநாய்களும் கடித்த 45 பேருக்கு இந்தப் புது ஊசியைச் சீரத்தோடு சேர்த்துப் போட்டதில் ஒருவர்கூட இறக்கவில்லை, 1976-ல் அந்த அறிக்கை வெளிவந்தது. ஐந்தாறு ஊசி, அதுவும் கையில். 1984-ல் உலக சுகாதார நிறுவனம் மூளை ஊசியை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டது. நம் நாட்டில் அதன் உற்பத்தி நின்றது 2004 முடிவில். இருபது வருடம்! அந்த இருபது வருடமும் மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்க முடிந்தவர்களுக்குப் புது ஊசி, அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்களுக்கு ஆட்டு மூளை. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து வந்தவர்கள் எந்த வரிசையில் நின்றிருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. கோடிக்கணக்கான ஜனத்துக்கு விலை உயர்ந்த மருந்தை இலவசமாகக் கொடுக்க எங்கே போவது என்று அன்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தோலுக்குள்ளேயே சொட்டு மருந்து போடும் முறையால் செலவு பல மடங்கு குறையும் என்று தாய்லாந்துக்காரர்கள் 1980-களிலேயே செய்து காட்டியிருந்தார்கள். நமக்கு அந்த அனுமதி 2006-ல்தான் வந்தது.

குன்னூர் நிறுவனத்தையும் நியாயமாகப் பார்க்கவேண்டும். டாக்டர் வீரராகவன் இயக்குநராக இருந்த காலத்தில் வெறிநோய் ஆராய்ச்சியில் உலகமே திரும்பிப் பார்க்கிற இடமாக அது இருந்தது. பின்னாளில் குரங்கின் சிறுநீரகச் செல்களில் வளர்க்கும் வீரோ செல் தடுப்பூசியை அங்கேயே தயாரித்தார்கள். 2008-ல் உற்பத்தி உரிமம் நிறுத்தப்பட்டு 2010-ல் திரும்பக் கிடைத்த கதை தனியாக எழுதவேண்டியது.

நாய்க்கடியோடு முடித்துவிட்டால் உதவி டி செல்லுக்கு அநியாயம் செய்ததாகும். அதற்குத் தினசரி வேலை நமக்கு அடிக்கடி வருகிற சளிக் காய்ச்சல்களோடுதான்.

1957 மே மாதம் நடுவில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்றில் ஆசியன் ஃப்ளூ வந்திறங்கியது. மூன்று மாதத்துக்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. நம்மில் எழுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு அந்த வருடம் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்தது நினைவிருக்கலாம். இந்திய அரசின் இன்ஃபுளுயன்சா மையம் அப்போது குன்னூர் பாஸ்தேர் நிறுவனத்தில் இருந்தது. அங்கிருந்த டாக்டர் ஐ.ஜி.கே. மேனன் எழுதிய அறிக்கையின்படி அடுத்த பிப்ரவரி வரை பதிவானவர்கள் 44 லட்சத்துக்கும் மேல், இறந்தவர்கள் சுமார் 1,100. பதிவாகாதது எவ்வளவோ. ஆனாலும் ஒரு கோடிக்கு மேல் ஜனத்தைக் கொண்டுபோன 1918-ஐ நினைத்தால் இது ஒன்றுமில்லை.

புது வைரஸ், யாரிடமும் அதற்கு ஆன்டிபாடி கிடையாது. பின் ஏன் பெரியவர்கள் பலர் தப்பித்தார்கள்? அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் சில குடும்பங்களின் காய்ச்சல் கணக்கை வருடக்கணக்காக எழுதி வைத்திருந்தார்கள். 2006-ல் ஒருவர் அந்தப் பழைய நோட்டுகளைத் திரும்பப் பார்த்தார். முன்பு வேறு வகை ஃப்ளூ வந்துபோன பெரியவர்களில் 1957-ல் படுத்தவர்கள் மிகக் குறைவு. வைரஸ் வெளிச்சட்டையைத்தான் மாற்றுகிறது, உள்ளே இருக்கும் புரதங்கள் பெரும்பாலும் பழசே. ஆன்டிபாடி சட்டையைப் பார்க்கும். உதவி டி செல்லோ துண்டாக்கிய உள்ளுறுப்பையும் பார்க்கும், அதனால் 'இந்தப் பயலை எனக்குத் தெரியும்' என்று சொல்லிவிடுகிறது. இதுதான் காரணமாக இருக்கவேண்டும் என்ற யூகத்துக்கு 2012-ல் இங்கிலாந்தில் வலு சேர்ந்தது. ஆன்டிபாடி இல்லாத தொண்டர்களின் மூக்கில் ஃப்ளூ வைரஸை விட்டுப் பார்த்தார்கள். பழைய உதவி டி செல்கள் அதிகம் இருந்தவர்களுக்குக் காய்ச்சல் லேசாகப் போனது.

கொரோனாவிலும் இதே கதை. 2020-ல் கலிபோர்னியாவில், 2015 முதல் 2018 வரை சேமித்து வைத்த ரத்தத்தைச் சோதித்தார்கள். கொரோனா பிறப்பதற்கு முந்தைய ரத்தம்! அதில் ஏறக்குறைய பாதிப் பேரின் உதவி டி செல்கள் அந்தப் புது வைரஸின் துண்டுகளை அடையாளம் கண்டன. அதே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு சாதாரண ஜலதோஷ வைரஸ்கள் நம்மோடு காலங்காலமாக இருப்பதால் இருக்கலாம் என்று எழுதினார்கள். அது எவ்வளவு தூரம் உயிரைக் காப்பாற்றியது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. ஊட்டியின் ஜலதோஷத்தில் வருடா வருடம் மூழ்கி எழுந்த நமக்கு இது ஒரு சின்ன ஆறுதல், அவ்வளவுதான்.

உதவி டி செல்லையே குறிவைத்து அழிக்கும் வைரஸ் எச்.ஐ.வி. 1983-ல் அதைக் கண்டவர்கள் பாரிஸ் பாஸ்தேர் நிறுவனத்தின் பார்ரே-சினூசியும் மோந்தாஞ்ஞியேவும். 1986-ல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். ஹெட் கிளார்க்கையே கொன்றுவிட்டால் ஆபீஸ் என்ன ஆகும் என்பதை உலகம் அந்த நோயில் பார்த்தது.

நம் வயதுக்காரர்களுக்குச் சம்பந்தப்பட்டது அக்கி. சிறுவயதில் அம்மை வார்த்து வேப்பிலை கட்டித் தண்ணீர் விட்டபின் போய்விட்டதாக நினைக்கும் சின்னம்மை வைரஸ் போவதில்லை. முதுகுத்தண்டோரம் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருக்கும். உதவி டி செல்கள் அறுபது வருடம் அதை வெளியே வராமல் காவல் காக்கும். வயதாகி அவை தளர்ந்தால் ஒரு நரம்பின் வழியே வரிசையாகக் கொப்புளமாக வெளிவரும். இரண்டும் ஒரே வைரஸ்தான், ஒளிந்திருந்து வருகிறது என்று 1965-ல் விளக்கியவர் ஹோப்-சிம்சன், இங்கிலாந்தில் ஒரு கிராமப்புற டாக்டர். நம் ஊரில் குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் சிங்கம் எழுதிக்கொள்வோம். செங்காவி கொப்புளத்தின் எரிச்சலைக் குளிரவைத்திருக்கும், மூன்று வாரத்தில் கொப்புளம் தானாகவும் ஆறும். ஆறியபின் மாதக்கணக்கில் நிற்கிற நரம்பு வலிக்குத்தான் எந்தச் சிங்கமும் பதில் சொல்லாது. மூன்று வருடம் முன்பு என் மனைவிக்கு இடது விலாவில் வந்தது. புடவைத் தலைப்பு பட்டாலே துடித்தாள்.

இதற்கு இப்போது ஷிங்ரிக்ஸ் என்று ஒரு தடுப்பூசி வந்திருக்கிறது, 2023-லிருந்து இந்தியாவில் கிடைக்கிறது. வைரஸின் ஒரே ஒரு புரதத்தோடு, தூங்குகிற உதவி டி செல்லை உலுக்கி எழுப்புகிற ஒரு கலவையைச் சேர்த்திருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் பத்தில் ஒன்பது பங்கு காக்கிறது என்று சோதனையில் தெரிந்தது. கையில் இரண்டு ஊசி, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில். விலைதான் ஓய்வூதியக்காரர்களைக் கடிக்கிறது, அரசு வரிசையில் இது இன்னும் வரவில்லை. முதல் ஊசி போட்டதும் எனக்கு இரண்டு நாள் உடம்பு வலி, லேசான காய்ச்சல். இரண்டாவது தை மாதத்தில்.